ஆகாயத்தாமரைக்கு வழித்துணை

நல்லாந்திட்டு லோகநாயகியின் பேரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் முதலில் ஒரு சிரிப்பு வரும். ஊரே அறுத்துத் தள்ளுகிற செடிக்கு, பெண்ணை மாமியார் வீட்டில் கொண்டுபோய் விடுவதுபோல், வழித்துணையாக நடந்து போனவள் என்பார்கள். அன்றைக்கு ஓடைக்கரையில் நானும் கூட நடந்தேன். அதனால் எனக்கு அந்தச் சிரிப்பு அவ்வளவாக வருவதில்லை. மனுஷி என்றால் இவளல்லவா மனுஷி என்று நினைத்துக்கொண்டுதான் வீடு திரும்பினேன்.

புவனகிரிக்குக் கிழக்கே முத்தாண்டி ஓடை என்று ஒரு வடிகால். மேலே இருக்கிற ஊர்களின் வயல் தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொண்டு நல்லாந்திட்டைத் தொட்டு, அதற்குக் கீழே ஓடத்திட்டுப் பாலத்தைத் தாண்டி, வெள்ளாற்றில் போய் விழும். விழுகிற இடத்தில் கடல் தண்ணீர் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும். செடி இல்லாத இடங்களில் இன்றைக்கும் கெண்டையும் கெளுத்தியும் துள்ளும். செடி மூடின இடத்தில் கையை விட்டுப் பாருங்கள், வருவது கறுப்புத் தண்ணீர்தான், குமட்டுகிற நாற்றத்தோடு. வெயில் உள்ளே இறங்காது. மீன்கள் மூச்சுக்கு வாயைப் பிளந்துகொண்டு ஓரத்துக்கு வந்து செத்து மிதக்கும்.

செடிக்குப் பேர் ஆகாயத்தாமரை. பேர் வைத்தவனுக்கு ஓடைக்கரையில் நிலம் இருந்திருக்காது. காம்பு வெங்காயம்போல் ஊதியிருக்கும், கீழே கறுப்புத் தாடியாக வேர் தொங்கும். சிதம்பரத்திலிருந்து வருகிறவர்கள் ஊதாப் பூவைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டால் போதும், அடுத்த மழைக்குள் ஓடையின் இரண்டு கரையையும் தொட்டுவிடும். மாடு தின்றால் கழியும், ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

இதற்கு எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டி வயல் மூழ்கினால், ஆண்கள் எல்லோரும் கருக்கரிவாளை மூங்கில் கழியின் நுனியில் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்குவார்கள். தங்கள் எல்லையில் அடைத்திருக்கிற செடியை அறுத்துவிடுவார்கள். ஓடை அகலத்துக்கு ஒரு பச்சைப் பாய் மெதுவாக நகரத் தொடங்கும். நம் ஊர்த் தண்ணீர் வடிந்துவிடும். அந்தப் பாய் அடுத்த ஊரில் போய் அடைக்குமே என்று கேட்பவர் கிடையாது. மேலூர்க்காரன் நமக்கு அனுப்பினான், நாம் கீழூர்க்காரனுக்கு அனுப்புகிறோம், அவ்வளவுதான். இதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. நாற்று நடுவது, களை எடுப்பது மாதிரி இதுவும் ஒரு வேலை.

போன வருஷ மழைக்கு நல்லாந்திட்டு அப்படித்தான் செய்தது. சாயங்காலம் அறுத்துவிட்டு எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். பாய் போய் ஓடத்திட்டுப் பாலத்தின் மூன்று கண்ணையும் அடைத்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் ஓடத்திட்டு வயலெல்லாம் ஏரி. தூர் கட்டியிருந்த சம்பாப் பயிர் தண்ணீருக்குள்ளேயே அழுகிப்போனது. அந்த அழுகின பயிரில் பட்டம்மாள் வீட்டுப் பயிரும் உண்டு. பட்டம்மாள் வேறு யாருமில்லை, லோகநாயகிக்குச் சம்பந்தி. லோகநாயகியின் ஒரே பெண் வினோதினியை அந்த வீட்டில்தான் கொடுத்திருந்தது. அறுத்துவிட்டவர்களில் லோகநாயகியின் புருஷன் சாமிக்கண்ணுவும் ஒருவர். பாவம், அந்த மனுஷன் ஊரோடு ஒத்துப்போகிறவர். எல்லோரும் இறங்கினால் இவரும் இறங்குவார், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

பட்டம்மாள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. பேச்சை அடியோடு நிறுத்திவிட்டாள். தீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வரவில்லை. மாப்பிள்ளை பாலகுமார் சிதம்பரத்தில் செல்போன் கடையில் வேலை செய்கிறவன், நல்ல பிள்ளை, ஆனால் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான். வினோதினி முழுகாமல் இருக்கிற சேதிகூட போனில்தான் வந்தது. இந்த வருஷம் வளைகாப்புக்கு ஊருக்குச் சொல்வதுபோல் இவர்களுக்கும் சொன்னார்கள். லோகநாயகி சீர்த்தட்டோடு போனாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே, வளையல் அடுக்கின கையோடு பெண்ணை அழைத்து வந்துவிடலாம் என்று வேன் பேசிக்கொண்டு போனாள். சாப்பாடெல்லாம் முடிந்தபிறகு பட்டம்மாள் சாமிக்கண்ணுவைப் பார்த்து, "உங்க ஊர்ல தண்ணி நல்லா வடியும். எங்க ஊர்லதான் நிக்கும். நிக்கிற எடத்துலயே என் மருமவ இருக்கட்டும், நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். போன வேன் காலித் தட்டுகளோடு திரும்பியது. லோகநாயகி வீட்டுக்கு வந்து பெண்ணுக்காகத் தைத்து வைத்திருந்த பழம்புடவை மெத்தையை மடித்துப் பரண்மேல் போட்டாள்.

அதற்குப் பிறகு பிடித்த மழை விடவில்லை. வங்கக்கடலில் ஒன்று போனால் இன்னொன்று உருவாகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நல்லாந்திட்டு வயலில் பயிர் நுனி மட்டும் தெரிந்தது. பொக்லைனுக்குச் சொல்லியிருந்தார்கள், சுற்றி எல்லா ஊரும் மூழ்கிக் கிடக்கும்போது அது எங்கேயென்று போகும். கடைசியில் மாரியம்மன் கோயில் கொட்டகையில் கூடி, மறுநாள் அறுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். பேசி முடித்தவர் கலியமூர்த்தி. லோகநாயகிக்குச் சித்தப்பா மகன், சாமிக்கண்ணுவுக்கு மச்சான், ஊரில் எந்த வேலைக்கும் முதல் குரல் அவருடையதுதான்.

பொதுவாக அந்தக் கூட்டத்தில் பெண்கள் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். லோகநாயகி நடுவில் வந்து நின்றாள்.

"அறுக்க வேணான்னு நான் சொல்லல அண்ணா. அறுத்துட்டு ஊட்டுக்குப் போவாதீங்கன்றேன். அறுத்தவங்களே கூடப் போயி, பாலத்தத் தாண்டி ஆத்துல கொண்டுபோய் விட்டுட்டு வரணும்."

"செடிக்குத் தொணையா போவச் சொல்றியா?" என்றார் கலியமூர்த்தி. கொட்டகையே சிரித்தது.

"ஆமா. பாலத்துக் கண்ணுக்கு எம்மாம் அகலமோ அம்மாம் அகலத்துக்குத் துண்டு துண்டா அறுப்போம். ஒண்ணு போய்ச் சேந்தப்பறம் அடுத்தது."

கலியமூர்த்தி கெட்டவர் இல்லை. அப்படி அறுத்தால் தண்ணீர் மெதுவாகத்தான் வடியும் என்றும், ஊரிலேயே பள்ளமான நிலம் அவளுடையதுதான் என்றும், எல்லோருடைய பயிரும் பிழைத்து அவள் பயிர் மட்டும் போய்விடும் என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

"பயிரு போனா அடுத்த போகம் வரும்" என்றாள் லோகநாயகி. "பொண்ணுக்குத் தலப்பிரசவம் ஒரு தடவதான் அண்ணா வரும். யாரும் வரலன்னா நானும் உங்க மச்சானும் போறோம்."

தான் போகப்போவது சாமிக்கண்ணுவுக்கு அப்போதுதான் தெரியும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார். அந்த மனுஷன் வாழ்க்கையில் ஊரை விட்டுத் தள்ளி நின்றது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதைப் பார்த்தபிறகு கலியமூர்த்தி, சரி, துண்டு துண்டாகவே அறுப்போம் என்றார்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் இறங்கினார்கள். தூறல் விடவில்லை. மார்பளவு தண்ணீரில் நின்று மூங்கில் கழியை முன்னும் பின்னும் இழுத்தால் அரிவாள் வேரை அறுக்கும். ஈரச் சாக்கை அறுப்பதுபோல் ஒரு சத்தம் வரும். வேர்களுக்குள் இருந்து தண்ணீர்ப் பாம்பு நெளிந்து போகும், அட்டை காலில் ஏறும். ஒரு துண்டு பிரிந்ததும் குறுக்கே கயிறு போட்டு, இரண்டு கரையிலும் ஆள் பிடித்துக்கொண்டு, மாட்டை ஓட்டிப் போவதுபோல் மெதுவாக நடத்திக்கொண்டு போகவேண்டும். கயிறு தளர்ந்தால் வளைவில் போய்ச் சொருகிக்கொள்ளும். சொருகினால் லோகநாயகிதான் குதிப்பாள். துறட்டியைப் போட்டு இழுத்து, தோளைக் கொடுத்து முட்டி, வழியில் திருப்பிவிட்டுக் கரையேறுவாள். புடவையை முழங்காலுக்கு மேல் செருகி, புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மேலே போட்டிருந்தாள். கிண்டல் செய்ய வந்தவர்கள் இரண்டாவது துண்டுக்குள் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாது, கை தானாக நீண்டுவிடும்.

ஓடத்திட்டுக்காரர்களுக்குச் சேதி முன்னாடியே போயிருந்தது. பாலத்தின் மேல் கழிகளோடு ஆட்கள். நடுவில் பட்டம்மாள், தலையில் உரச்சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு நின்றாள். ஒல்லியான, நெடுநெடுவென்ற பொம்பளை. புருஷன் போனபிறகு ஒற்றை ஆளாக நிலத்தையும் பிள்ளையையும் பார்த்தவள் என்பதால் அந்த ஊரில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"அங்கயே நிறுத்துங்க" என்றாள்.

லோகநாயகி தண்ணீரிலிருந்தே நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணி, ஒரு எல கூட இங்க நிக்காது. அதுக்குத்தான் கூடவே வந்திருக்கேன். நின்னா என்னைக் கேளுங்க."

பட்டம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், ஒரு துண்டை விட்டுப் பாருங்கள், அடைத்தால் அடுத்ததை அங்கேயே நிறுத்திவிடுவோம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

முதல் துண்டு நடுக்கண்ணில் நுழையும்போது ஓரம் சிமெண்டில் உரசி நின்றது. மேலே ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. லோகநாயகி மூச்சைப் பிடித்துப் பாலத்துக்கு அடியில் போனாள். அந்த இருட்டில் என்ன செய்தாளோ தெரியாது, துண்டு ஒரு குலுக்கு குலுக்கி மறுபக்கம் வந்தது, அதன் பின்னாலேயே தலையில் வேரும் சேறுமாக அவளும் வந்தாள். நல்லாந்திட்டு ஆட்கள் விசில் அடித்தார்கள். ஓடத்திட்டிலும் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பட்டம்மாள் சிரிக்கவில்லை.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. கலியமூர்த்தி வீட்டிலிருந்து தூக்குவாளிகளில் புளிச்சோறும் கருவாட்டுத் தொக்கும் வந்தன. கை கழுவ நல்ல தண்ணீர் இல்லாமல் இலையால் வாரித் தின்றார்கள். லோகநாயகி கயிற்றை விடாமல் ஒரு கையால் இரண்டு கவளம் போட்டுக்கொண்டாள். உச்சிப்பொழுது தாண்டும்போது பாலத்தில் ஆட்கள் வழிவிட்டார்கள். வினோதினி வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கை நிறைய வளையல் குலுங்க, ஒரு சொம்பில் டீயும் டம்ளருமாக வந்து நின்றாள். மாமியாரிடம் கேட்டுவிட்டு வந்தாளா, கேட்காமல் வந்தாளா தெரியாது.

"அம்மா, சூடா இருக்குது. ஒரு வா குடிச்சிட்டு எறங்கு."

லோகநாயகிக்கு அந்த நேரத்தில் துண்டு ஒன்று கண்ணுக்குள் பாதி நுழைந்திருந்தது. பெண்ணை நிமிர்ந்து பார்த்தால் துறட்டி நழுவிவிடும். பார்க்கவில்லை. "வழுக்கும், ஓரமா நிக்காத, உள்ள போ" என்று மட்டும் சொன்னாள். துண்டு அந்தப் பக்கம் போனபிறகு தலையைத் தூக்கினாள். பெண் போய்விட்டிருந்தாள். டீச்சொம்பு பாலத்துக் கட்டையில் மூடி வைத்தபடி இருந்தது. அவள் கரையேறி அதை எடுத்துக் குடித்ததை நான் பார்த்தேன். சொம்பை மறுபடி மூடி அதே இடத்தில் வைத்துவிட்டு இறங்கினாள்.

கடைசித் துண்டும் தாண்டியதும் பாலத்துக்குக் கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. ஓடத்திட்டு வயலில் ஒரு அங்குலம்கூடத் தண்ணீர் ஏறவில்லை. பட்டம்மாளே குனிந்து மூன்று கண்ணையும் பார்த்தாள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தோம். அவள் கரையோடு எங்கள் பின்னால் வந்தாள். நாங்கள் செடியை வளைவு தாண்டி விட்டுவிட்டுப் போய்விட்டால், கடல் ஏறும்போது அது திரும்பி வருமே என்ற சந்தேகம். நம்பிக்கை ஒரே நாளில் வந்துவிடுமா?

வெள்ளாற்றில் ஓடை விழுகிற முனையில் காலையிலிருந்து அனுப்பின துண்டெல்லாம் தேங்கிக் கிடந்தது. உப்புப் பட்ட ஓரங்கள் அதற்குள் பழுப்பேறிச் சோர்ந்திருந்தன. ஆறு இழுத்துக்கொண்டு போகும் என்று நினைத்தது ஓரச் சேற்றுக்கு மேலேயே விரிந்து நின்றது. அந்த ஓரத்தில் கழுத்தளவு தண்ணீரில் ஒரு பெண் உட்கார்ந்தபடி நகர்ந்துகொண்டிருந்தாள். இரண்டு கையும் அடிச்சேற்றைத் துழாவும். விரலில் இறால் தட்டினால் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் ஓலைப் பறிக்குள் போடுவாள். ஆற்றோரத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்த இருசம்மாள். பறி வாயில் இருக்கும்வரை அவர்களுக்குப் பேச்சு கிடையாது. எங்களைப் பார்த்ததும் அவள் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"முடிஞ்சுதா, இன்னும் இருக்குதா?" என்று கேட்டாள்.

இதுதான் கடைசி, இனி கடல் கொண்டுபோய்விடும் என்று கலியமூர்த்தி சொன்னார்.

"கடலு எங்க கொண்டுபோவுது? உப்புத் தண்ணி பட்டா செத்து அடியில போய் உக்காந்துக்கும். அப்படியே அழுவும். போன மழைக்கு உக்காந்தது தை வரைக்கும் போவல. சேத்துல கை வச்சா தோலு உரியுது. எறாலு ஒண்ணு கூட இந்தப் பக்கம் வரல, பிச்சாவரம் வரைக்கும் போய்த் தடவிக்கிட்டு வந்தோம்." சொல்லிக்கொண்டே வந்தவள் எங்களுக்குப் பின்னால் கரையில் நிற்கிற உருவத்தைப் பார்த்துவிட்டாள். "தோ, போன வருஷம் அந்த அம்மாதான் பாலத்துல நின்னு ஆள வச்சித் தள்ளி உட்டாங்க. நான் வந்து கேட்டதுக்கு, ஆறு என்ன உங்க ஊட்டுதான்னாங்க. இந்த வருஷம் நீங்க."

பட்டம்மாள் முக்காடு போட்டிருந்த சாக்கை இழுத்து முகத்தோரம் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாகத் தலை நிமிர்ந்து நின்ற பொம்பளை, அன்றைக்குத்தான் தரையைப் பார்த்தாள்.

நான் லோகநாயகியைப் பார்த்தேன். பேசவேண்டியது எத்தனையோ அவளிடம் இருந்தது. காலியாகத் திரும்பின வேன் இருந்தது, வராத தீபாவளி இருந்தது. இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பட்டம்மாளால் அதற்குமேல் எங்கேயும் வாய் திறக்க முடியாது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருப்பவர்கள் யாரும் எங்கள் ஊர்களில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

லோகநாயகி இருசம்மாளிடம் சொன்னாள்: "நம்பளுக்குக் கீழ ஓடத்திட்டு இருக்குதுன்னு தெரிஞ்சிது அக்கா. ஓடத்திட்டுக்குக் கீழ யாரு இருக்காங்கன்னு நான் யோசிக்கல. தப்பு எம்மேலதான்."

பிறகு துறட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினாள். எங்கள் ஊரில் செடியை ஏற்றிப் போட மேடு கிடையாது, வரப்பெல்லாம் மூழ்கியிருந்தது. இங்கே ஆற்றோரம் உயரமான மணல்திட்டு இருந்தது. ஒரு துண்டின் ஓரத்தைக் கொக்கியில் மாட்டி இழுத்துத் திட்டில் ஏற்றி, வேர் மேலே பார்க்கக் கவிழ்த்துப் போட்டாள். அவ்வளவு பெரிய பரப்பில் அது ஒரு மூலைகூட இல்லை.

கலியமூர்த்திக்குப் பொறுமை போய்விட்டது. ஊரிலிருந்து போன் வந்ததென்றும், எல்லோர் வயலும் வடிந்துவிட்டது, அவளுடைய நிலம் மட்டும் இன்னும் மூழ்கிக் கிடக்கிறது, இப்போதே போய் வரப்பை வெட்டிவிட்டால் பாதிப் பயிராவது தேறும் என்றும் கரையிலிருந்து கத்தினார். லோகநாயகி புருஷனைப் பார்த்தாள். சாமிக்கண்ணு, "நான் போயி வெட்டறேன். நீ இரு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

பாதிப் பேர் அவரோடு கிளம்பிப் போனார்கள். மீதிப் பேர் நின்றோம். இருசம்மாள் பறியைத் திட்டில் வைத்துவிட்டு வந்து இன்னொரு ஓரத்தைப் பிடித்தாள். பட்டம்மாள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். போகவும் முடியவில்லை, வரவும் முடியவில்லை.

லோகநாயகி கரையோரம் வந்து சேறு வழிகிற கையை நீட்டினாள்.

"எறங்குங்க அண்ணி. இந்தப் பக்கம் பள்ளம் இல்ல, என் கையப் புடிச்சிக்கிங்க."

பட்டம்மாள் பிடித்துக்கொண்டாள்.

வெளிச்சம் மங்குகிற வரைக்கும் இழுத்தார்கள். சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரே கயிற்றில் நின்றார்கள். "இந்தாண்ட", "கொஞ்சம் தூக்குங்க", "உடுங்க" என்பதைத் தவிர அவர்களுக்குள் பேச்சில்லை. பழக்கமில்லாத பட்டம்மாளுக்கு உள்ளங்கை கிழிந்துவிட்டது. லோகநாயகி தன் சட்டைக்கையைக் கிழித்து அதில் சுற்றிவிட்டாள். திட்டில் கறுப்பு வேர்க் குவியல் ஆளுயரம் ஏறியது. சேறு தெரிந்த இடத்தில் இருசம்மாள் ஒருதரம் முங்கிக் கையை விட்டுப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

இருட்டப் போகிறது, கிளம்பலாம் என்று யாரோ சொன்னார்கள். பட்டம்மாள் கை கால் கழுவிக்கொண்டு வந்து லோகநாயகி எதிரில் நின்றாள்.

"நாளைக்கு வண்டி கொண்டாங்க அண்ணி. வினோதினிய அழச்சிக்கிட்டுப் போங்க."

காலையிலிருந்து மழையிலும் சேற்றிலும் அசையாத லோகநாயகியின் முகம் அப்போது உடைந்தது. முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி ஆற்றைப் பார்த்தாள்.

"நாளைக்கு எப்படி அண்ணி? இன்னும் பாதிச் செடி தண்ணியிலயே கெடக்குது. நாளன்னைக்கு வரேன்."